மியூச்சுவல் போட்டாச்சு, இன்னும் ஏன் முடியவில்லை?

சாரல் தொடங்கும் ஜூனில் கணவனும் மனைவியும் சேர்ந்து விவாகரத்து மனு போட்டால், குற்றாலத்தில் ஐயப்ப பக்தர்கள் நிறையும் டிசம்பரில் 6 மாதம் முடிகிறது. பிறகு இன்னொரு சீசனும் வந்து போய், அடுத்த டிசம்பரில் 18 மாதம் முடிகிறது. தேதியாகச் சொன்னால், 2025 ஜூன் 10 அன்று தாக்கலான மனுவுக்கு 2025 டிசம்பர் 10 முதல் எல்லை. 2026 டிசம்பர் 10 கடைசி எல்லை. தென்காசி, செங்கோட்டை, ஆலங்குளம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் அதிகக் குழப்பம் இந்த இரண்டு எல்லைகளைப் பற்றித்தான். 6 மாதம் ஆனால் தானாகவே விவாகரத்து ஆகிவிடுமா? 18 மாதம் ஆகிவிட்டால் மற்றவர் கையெழுத்து இல்லாமலே கிடைத்துவிடுமா? இரண்டும் நடக்காது.

இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தது. இருவரும் ஒத்துப் பிரியலாம் என்ற 13பி பிரிவு 1976இல்தான் அதில் சேர்ந்தது. குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று இருவரும் சொல்ல வேண்டும். மனு போட்ட பின் 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து அதையே சொல்ல வேண்டும். டெல்லிச் செய்திகளில் வரும் ‘செகண்ட் மோஷன்’ இதுதான். நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் பெரும்பாலும் அதற்கென்று தனி மனு கிடையாது. சப் கோர்ட்டில் எச்.எம்.ஓ.பி. எண் வாங்கிய அதே மனு மறுபடி எடுக்கப்படும், இருவரும் சாட்சியம் சொல்வார்கள். ‘செகண்ட் மோஷன் போட வக்கீல் மறந்துவிட்டார்’ என்று பதறுகிறவர்கள் அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று கேட்டால் போதும்.

இடையில் இருக்கும் காலத்தை, மனம் மாற வாய்ப்பளிக்கும் காலம் என்கிறது சட்டத்தின் நோக்கவுரை பேசும் தரப்பு. ஓராண்டு பிரிந்திருந்து, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி ஓய்ந்து, வக்கீலுக்குப் பீஸும் கட்டிய பிறகு மனம் மாறுகிறவர்கள் இருக்கலாம். எனக்கு வரும் கடிதங்களில் அவர்கள் இல்லை. அந்த 6 மாதத்தில் நடப்பது பேரம்தான். யாருக்கு அவசரம் குறைவோ, அவர் கைதான் ஓங்குகிறது.

சட்டத்தின் முடிச்சு ஒன்றே. சம்மதம் மனு போட்ட நாளில் இருந்தால் போதாது; தீர்ப்பு நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும். 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. இடையில் ஒருவர் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்றால் மனு அதோடு விழும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டாயக் கல்யாணம் கூடாது என்பதைப் போலவே கட்டாய விவாகரத்தும் கூடாது என்ற நியாயத்தில் எனக்கு மறுப்பில்லை. அந்த 6 மாதத்தில் கை மாறிய மற்றவற்றை யார் திருப்பித் தருவது என்பதுதான் என் கேள்வி. 13பி அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

நம் ஊரில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். மனைவி வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்திருக்கிறார். பழைய வழக்கானால் 498ஏ. 2024 ஜூலை 1க்குப் பிறகானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் இதை இருவரும் சமாதானமாகி விசாரணை நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ள முடியாது. மதுரைக்கு, உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். அங்கே மனைவி ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும். ஆக ஒரே ஒப்பந்தம் மூன்று இடங்களில் நிறைவேறியாக வேண்டும்: விவாகரத்து சப் கோர்ட்டில், கிரிமினல் வழக்கு மதுரையில், பணமும் நகையும் இரண்டு வீடுகளுக்கு நடுவில். மூன்றும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒருவர் ஏமாற இடமிருக்கிறது. நான்காவது மாதம் மதுரையில் வழக்கு ரத்தானதும், ஆறாவது மாதம் கணவர் வாய்தாவுக்கு வராமலிருக்கலாம். இரண்டு தவணைப் பணத்தை வாங்கிய பின் மனைவியும் வராமலிருக்கலாம். எழுதிக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறினால் அவமதிப்பு நடவடிக்கை வரலாம், ஆனால் ‘சம்மதம்’ என்று சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2018இல் ரஜத் குப்தா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தென்காசியைக் கட்டுப்படுத்தாது; வாதத்துக்கு உதவும்.

அதனால் அனுபவமுள்ள வக்கீல்கள் பணத்தைப் பிரித்து வைக்கிறார்கள். மனு தாக்கலின்போது ஒரு பங்கு, மதுரையில் வழக்கு ரத்தாகும்போது ஒரு பங்கு, சாட்சியம் சொல்லும் நாளில் கோர்ட்டிலேயே டி.டி.யாக மீதி. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அது பாதுகாப்பது, நிறைய பேரம் பேசத் தெரிந்தவரை. கடைசிப் பங்கு பெரிதாக இருக்கட்டும் என்று மனைவி தரப்புக்குச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், பெரிய பங்கு முதலிலேயே வந்து செலவாகிவிடும், அல்லது வராமலே போகும்.

நகை விஷயத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கிறேன், ஏனென்றால் ஒப்பந்தங்களில் மிகவும் மெத்தனமாக எழுதப்படும் வரி அதுதான். ‘சீர்வரிசை நகைகள் முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டன’ என்று ஒரே வரி. எத்தனை பவுன், எந்தெந்த உருப்படி என்று இல்லை. அதில் பாதி, கணவர் பெயரில் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ அடகில் இருக்கும். வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அடகு ரசீது எண், கிளை, மீட்டுத் தர வேண்டிய தேதி, வட்டி யார் பொறுப்பு என்று எழுதாத ஒப்பந்தத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அதுவரை கொடுத்த பணம் என்னாகும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். நாடாளுமன்றம் எழுதாமல் விட்ட வரி அது. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீவனாம்சத்திலும் இதே சாய்வு உண்டு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் நம் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்ணின் வருமானம் பாஸ்புக்கிலும் பி.எஃப். கணக்கிலும் பைசா சுத்தமாக இருக்கிறது. கட்டட வேலையை மொத்தமாக எடுத்துச் செய்யும் கணவரின் வருமானம் எங்கும் இல்லை. மறைக்க முடியாதவர் மறைக்கவில்லை என்பதை மட்டும் அந்தப் பத்திரம் நிரூபிக்கிறது. எதிர்த் தரப்பின் வங்கிக் கணக்கு விவரங்களைக் கோர்ட் மூலம் கேளுங்கள்; கேட்காமல் தானாக வராது.

6 மாதத்தைக் குறைக்க முடியும். 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில், அந்தக் காத்திருப்பு கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடும் முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், பணமும் குழந்தைகளும் பற்றி உண்மையில் முடிவாகியிருக்க வேண்டும். மனு போட்டு ஒரு வாரத்திலேயே விலக்குக் கேட்கலாம். தகுதி இருந்தும் கேட்காமல் 6 மாதம் காத்திருக்கிறவர்கள் நிறைய. பேரம் முடிந்தவர்களுக்கு அந்த 6 மாதம் ஆபத்து மட்டும்தான்.

18 மாதத்தின் கதை வேறு. அதற்குள் இருவரும் வராவிட்டால் தீர்ப்பு வழங்க நீதிமன்றம் கடமைப்பட்டதல்ல என்பது 2011 ஹிதேஷ் பட்நாகர் தீர்ப்பு. புது மனுவில் தொடங்க நேரிடலாம். நவம்பரில் போட்டவர்களுக்கு 18ஆவது மாதம் மேயில் முடியும். அது கோடை விடுமுறை மாதம். ஏப்ரலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

டெல்லிக்கே, உச்ச நீதிமன்றத்துக்கே போய் நேராக விவாகரத்து வாங்கலாமா? முடியாது, 2023 மே 1 ஷில்பா சைலேஷ் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பற்றியது, உங்கள் உரிமையைப் பற்றியதல்ல.

ஊரில் பேசி முத்திரைத்தாளில் ‘தீர்த்துவிட்டாச்சு’ என்று எழுதியது செல்லுமா? உங்கள் சமூகத்தில் அந்த வழக்கம் உண்டென்று ஆதாரத்தோடு நிரூபித்தால் மட்டும் செல்லும். நோட்டரி முத்திரை அதை நிரூபிக்காது.

கணவர் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் வழக்குப் போட்டால்? மனைவி தானிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2003இல் சட்டம் திருத்தப்பட்டது; ஆனால் கேரள வழக்கைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், மலைக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரத் தூரம் என்றாலும்.

துபாயில் இருப்பவர் நேரில் வர வேண்டுமா? சமரசம் தோற்ற பின் இருவரும் சேர்ந்து கேட்டால் காணொளியில் அனுமதிக்கலாம் (சாந்தினி வழக்கு, 2017).

கிறிஸ்தவர்களுக்கு? அவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு, சட்டப் புத்தகத்தில் இரண்டு ஆண்டுப் பிரிவு, பிறகு இதே 6 மாதம், 18 மாதம்.

ஜமாஅத்திலோ ஷரீஅத் கவுன்சிலிலோ தரும் குலா சான்றிதழ்? செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள்.

குழந்தைக்குப் பணம் வேண்டாம் என்று அம்மா எழுதிக் கொடுத்துவிட்டால்? அது குழந்தையின் உரிமை, அம்மா விட்டுக்கொடுக்க முடியாது, பின்னாலும் கேட்கலாம்.

எதிர்த்து நடந்த வழக்கில் தீர்ப்பு வந்ததும் மறுமணம்? மேல்முறையீட்டுக் காலம் முடியட்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். வருமானச் சான்று கொண்டுவரச் சொன்னால், தேவையில்லை என்று அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.