ஏ4 தாள் கைபேசியில் ஏறும்போது

தாம்பரத்திலிருந்து கோவளம் போகும் பஸ்ஸில், கைபேசியில் பிடிஎஃப் படிப்பவரைக் கவனியுங்கள். இரண்டு விரலால் பக்கத்தைப் பெரிதாக்குவார், வரியின் கடைசிவரை தள்ளிக்கொண்டே போவார், அடுத்த வரிக்கு மறுபடி இழுத்துக்கொண்டு வருவார். ஒரு பத்தி முடிவதற்குள் கேளம்பாக்கம் வந்துவிடும்.

தப்பு அவர்மேல் இல்லை. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைபேசித் திரையோ ஏறக்குறைய 70. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட் ஆகிறது. 1993இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப், எந்த எழுத்து தாளில் எங்கே விழ வேண்டும் என்று குறித்துவைக்கும் வடிவம். அச்சகத்துக்கு அது வரம். திரைக்கு வந்தாலும் அந்த எழுத்து இடத்தைவிட்டு அசையாது என்பதுதான் தொல்லை.

இபப் என்ற மின்னூல் வடிவம் வேறு ரகம். தலைப்பு எது, பத்தி எது, படம் எங்கே வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு, வரியை மடக்கும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். ஆனால் பக்க எண் நிலைக்காது. 'பக்கம் 84 காண்க' என்று எழுதிப் பயனில்லை, அந்த இடத்துக்கு இணைப்புதான் தர வேண்டும்.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 'கொடி'யில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கின்றன. யுனிகோடு கோப்பில் இருப்பதோ க, அதையடுத்து ஒகரக் குறி. அதைப் பிரித்து இருபுறமும் நிறுத்தக் கருவிக்குத் தெரிய வேண்டும். பழைய மின்னூல் கருவிகள் பலவற்றுக்குத் தெரியவில்லை. கொம்பு கண்ட இடத்தில் நின்றது. த. சீனிவாசனும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற மின்னூல் தளம் இபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகிய வடிவங்களோடு 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் தந்தது. அதில் எழுத்து முன்பே கோத்து வைக்கப்பட்டிருப்பதால் கருவி தடுமாற வழியில்லை. நான்கில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அளவைச் சுருக்கினால் மட்டும் போதாது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்றொரு சொல் வந்தால் சிறு திரையில் ஒரு வரியை அதுவே அடைத்துக்கொள்ளும். இரு ஓரத்தையும் சமன் செய்தால் மேல் வரியில் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக்கிவிட்டு, வலதை அதன் போக்கில் விடுவதே மேல்.

திரைக்கென்று செய்ததை அச்சிடப் போனாலும் அவதிதான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தால் ஜெராக்ஸ் கடைக்காரர் டோனரை நினைத்து முகம் சுளிப்பார். 'இங்கே அழுத்தவும்' என்று தாளில் வந்தால் எங்கே அழுத்துவது? அச்சுக்குப் போகும் பிரதியில் இணைய முகவரியை முழுதாக எழுதிவிட வேண்டும்.