கரையும் கடையும்



கடற்கரைக்குச் செல்லும் நாம், மணலில் அமர்ந்து ஒரு பிடி மணலை அள்ளி விரல்களின் இடையே நழுவவிட்டு மகிழ்கிறோம். அந்த மணல் யாருக்கு உரியது? கரையோரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கா? அங்கே கடை போட்டுப் பிழைப்பவருக்கா? அரசுக்கா? அல்லது கடலுக்கேயா? விளையாட்டாகக் கேட்பது போல் தோன்றும் இந்தக் கேள்வி, பிலிப்பைன்ஸ் நாட்டில் 2018ஆம் ஆண்டில் ஒரு தீவையே ஆறு மாதம் மூடிவைக்கச் செய்தது. அந்த வரலாற்றை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அத்தீவின் பெயர் பொராக்காய். பனாய் என்னும் பெரிய தீவின் வடமேற்கு முனைக்கு எதிரே அது கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்; பரப்பு ஏறத்தாழ 1,000 ஹெக்டேர். இரு முனைகளும் அகன்று நடுப்பகுதி சிறுத்து, உடுக்கை போன்ற வடிவம் உடையது. மேற்குக் கரையில் 4 கிலோமீட்டர் நீளத்திற்கு வெண்மணல் பரந்திருக்கிறது. அந்த மணல் மலையிலிருந்து ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல் அன்று. கடலடியில் உள்ள பவளப்பாறைகளும் சிப்பிகளும் உடைந்து, அலைகளால் அரைபட்டு, கரையில் ஒதுங்கிய துகள்களே அவை. வெண்மைக்குக் காரணம் அதுவே. ஆதலின் அந்தக் கரையை ஆக்கியவை கடல்வாழ் உயிர்கள் என்று சொன்னால் மிகையாகாது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

முன்னாளில் அங்கே மீனவரும் உழவருமே வாழ்ந்தனர். வெளிநாட்டுப் பயணிகள் சிலர் வந்து மூங்கிற்குடில்களில் தங்கினர். அழகின் புகழ் பரவியது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 20 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அச்சிறு தீவிற்கு வந்தனர். வந்தவர்க்கு உணவும் மதுவும் ஆட்டபாட்டமும் வேண்டியிருந்தன. தென்னை வரிசைக்குப் பின்னால் இருந்த கடைகள் மெல்ல முன்னே நகர்ந்தன. முதலில் இரண்டு மேசைகள் மணலுக்கு வந்தன. மேசைகளுக்கு நிழல் தரக் கூரை வந்தது. கூரையைத் தாங்கக் கம்பம் வந்தது. கம்பம் நிற்கச் சிமெந்துத் தளம் வந்தது. தளத்தைக் காக்கச் சுவரும் வந்தது. மதுக்கூடங்களும் சிற்றுண்டிச் சாலைகளும் இவ்வாறே கடலை நோக்கிச் சென்றன. ஒருவர் ஓரடி முன்னேறினால் அடுத்தவர் இரண்டடி முன்னேறினார்.

தடுக்கச் சட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் 1976ஆம் ஆண்டு நீர்ச் சட்டமே, கடலோரத்தில் ஒரு பகுதி பொதுமக்கள் பயனுக்காகத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. பொராக்காயில், உயர் ஓதக் கோட்டிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்பது விதி. விதி ஏட்டில் இருந்தது. கட்டடம் கரையில் இருந்தது.

முப்பது மீட்டர் எதற்காக? மணல் சும்மாதானே கிடக்கிறது என்று நினைப்பவர் பலர். அதற்கு விடை கூற, என் பள்ளி அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்று கடலுக்கு அருகில் இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை கொடுத்தேன். கரையில் நின்ற ஒரு பனைமரத்திலிருந்து, ஓதம் ஏறிய வேளையில் நீரின் விளிம்புவரை, மாதம் ஒருமுறை கயிற்றால் அளந்து குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஆவணியில் அறுபது அடி இருந்தது. கார்த்திகையில் இருபது அடிதான் இருந்தது. “ஐயா, நாற்பது அடியைக் கடல் விழுங்கிவிட்டது!” என்று ஒருவன் கலக்கத்துடன் ஓடிவந்தான். “பொறு, அளப்பதை நிறுத்தாதே” என்றேன். பங்குனியில் மணல் பெரும்பாலும் திரும்பியிருந்தது. அதே சிறுவன், “ஐயா, கடல் கடனாகத்தான் வாங்கியிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிட்டது” என்றான். அவன் சொன்னதில் கடற்கரை இயலின் முதற்பாடம் அடங்கியிருந்தது.

புயற்காலத்துப் பேரலைகள் கரைமணலை அரித்துச் சென்று, சற்றுத் தொலைவில் கடலடியில் ஒரு திட்டாகக் குவிக்கின்றன. பின்வரும் அலைகள் அத்திட்டில் மோதி உடைந்து வலிமை இழக்கின்றன. இவ்வாறு கரை தன் மணலையே கேடயமாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. கடல் அமைதி அடைந்ததும் சிற்றலைகள் அம்மணலை மீண்டும் கரை சேர்க்கின்றன. பொராக்காயிலும் இவ்வாறே. தென்மேற்குப் பருவக்காற்றை அங்கே ஹபகாத் என்பர். அது வீசும்போது மேற்குக் கரையை அலைகள் தாக்கும். அமிஹான் எனப்படும் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அக்கரை அமைதியாக இருக்கும். சுற்றுலாப் பயணிகள் காண்பது பெரும்பாலும் அந்த அமைதிக் காலத்துக் கரையைத்தான். கடை கட்டுபவரும் அதையே நிலையான கரை என்று எண்ணிக்கொள்கிறார்.

மணற்பரப்பில் எழும் கட்டடத்தால் மூவகைத் தீமை விளைகிறது.

முதலாவது, மணலின் போக்குவரவு தடைப்படுகிறது. சுவர் அலையின் வலிமையைத் தணிப்பதில்லை. அதைத் திருப்பி அடிக்கிறது. திரும்பும் நீர் சுவரின் அடிமணலையும் பக்கத்து மணலையும் பறித்துச் செல்கிறது. தன் கடையைக் காக்க ஒருவர் எழுப்பும் சுவர், அண்டை வீட்டாரின் கரையைக் கரைத்துவிடுகிறது.

இரண்டாவது, மணலைப் பிடித்து நிறுத்தும் செடிகொடிகள் அழிகின்றன. நம் நெய்தல் நிலப் பாடல்களில் இடம்பெற்ற அடும்பு, வெப்பநாட்டுக் கடற்கரைகள் பலவற்றிலும் படரும் கொடி. காற்றில் பறக்கும் மணல் அக்கொடியில் தடுக்கப்பட்டு மேடாக உயர்கிறது. அழகு கருதியோ நாற்காலி போடுவதற்காகவோ அதைப் பிடுங்கி எறிந்தால் மேடு கரையும். மேடு கரைந்தால் அதன் பின்னால் உள்ள ஊர் காவலற்றுப் போகும்.

மூன்றாவது, கழிவு நீர். பொராக்காயில் உரிய சாக்கடை இணைப்பைப் பெறாத நிறுவனங்கள் பல இருந்தன. மண்ணுக்கடியில் மறைவாகக் குழாய் பதித்துக் கடலில் கழிவைக் கலந்தவையும் இருந்தன. கழிவில் உள்ள சத்துகளை உண்டு பாசி பெருகும். பாசி மூடினால் பவளம் சாகும். பவளம் செத்தால் வெண்மணலுக்கு மூலப்பொருள் இல்லை. முதலில் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கேதான் பயன்படுகிறது. மணலை விற்றுப் பிழைத்த கடைகள், மணல் பிறக்கும் இடத்தையே நஞ்சாக்கிக்கொண்டிருந்தன.

2018ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் துதெர்த்தே, பொராக்காய் ஒரு கழிவுக்குட்டை ஆகிவிட்டது என்று வெளிப்படையாகக் கூறினார். ஏப்பிரல் 26ஆம் நாள் தீவு சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டது. முப்பது மீட்டர் எல்லைக்குள் இருந்த மதுக்கூடங்களும் உணவுச் சாலைகளும் விடுதிகளின் முன்பகுதிகளும் இடிக்கப்பட்டன. சிலர் தாமாகவே இடித்துக்கொண்டனர். சட்டத்திற்கு மாறான குழாய்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அக்டோபர் 26ஆம் நாள் தீவு மீண்டும் திறக்கப்பட்டபோது, நான்கு கிலோமீட்டர் மணலும் தடையின்றிக் கண்ணுக்குத் தெரிந்தது.

இத்துடன் பேச்சை முடித்தால் நான் உங்களுக்கு உண்மையில் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். மற்றொரு பாதி இருக்கிறது.

தீவு மூடப்படுவதை எதிர்த்து அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்களுள், பயணிகளுக்காக மணற்கோட்டை கட்டிப் பொருள் ஈட்டிய ஒருவரும், வண்டியோட்டிப் பிழைத்த ஒருவரும் இருந்தனர். பயணிகள் வராவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது என்பதே அவர்கள் முறையீட்டின் சாரம். 2019ஆம் ஆண்டு பிப்பிரவரியில் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மூடல் குறுகிய காலத்திற்கானது. பொதுநலனைக் காக்க அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு. இனிமேல் வரக்கூடிய வருமானத்தை நிலைபெற்ற உரிமையாகக் கொள்ள இயலாது என்று அத்தீர்ப்பு கூறியது.

தீர்ப்பு சட்டத்திற்கு இசைந்தது. எனினும் மணற்கோட்டை கட்டிய மனிதரை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. அவர் சிமெந்து இறக்கவில்லை, குழாய் புதைக்கவில்லை. அவர் கட்டிய கோட்டையை மாலை அலையே இடித்துவிடும். கரைக்குக் கேடு செய்யாத தொழில் அது. ஆயினும் கேடு செய்தவர்களுடன் சேர்த்து அவருடைய பிழைப்பும் ஆறு மாதம் நின்றது. சேமிப்பு உள்ள முதலாளி அதைத் தாங்குவார். அன்றாடங்காய்ச்சி எப்படித் தாங்குவார்? ஆதலின் கரையை மீட்கும் அரசு, இடிக்கும் கருவியை அனுப்பும்போதே, தொழிலாளரின் ஆறு மாதச் சோற்றுக்கும் கணக்குப் போடவேண்டும். சட்டம் தன் கடமையைக் காலத்தில் செய்யாதபோது, அந்தத் தாமதத்தின் விலையைப் பெரும்பாலும் எளியவரே கொடுக்க நேர்கிறது.

மீண்டும் திறந்தபின் புதிய கட்டுப்பாடுகள் வந்தன. மணலில் மது அருந்துதலும் புகைபிடித்தலும் தடுக்கப்பட்டன. மேசை நாற்காலி போடுதல் கூடாது. எந்த நேரத்திலும் தீவில் 19,215 பயணிகளுக்கு மேல் இருத்தல் ஆகாது என்று தாங்குதிறன் கணக்கிடப்பட்டது. ஆனால் 2022ஆம் ஆண்டுப் புனித வாரத்தில் அந்த எல்லையும் மீறப்பட்டது. ஒருமுறை இடித்துவிட்டால் காவல் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

கரை பொதுவுடைமை என்னும் எண்ணம் புதியதன்று. கி.பி. 533இல் வெளிவந்த ஜஸ்டினியன் பேரரசனின் சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் அனைவர்க்கும் பொது என்றது. கரையின் எல்லை எது? குளிர்காலத்துப் பேரலை எட்டும் இடம்வரை கரையே என்றது. கயிறு கொண்டு அளந்த எங்கள் சிறுவர்கள் கண்டதை, அந்தச் சட்ட வல்லுநர்கள் முன்பே கண்டிருந்தனர் போலும்! அந்நூலே, மீனவர் ஒதுங்க ஒரு குடிசை வைத்துக்கொள்ளவும் வலை உலர்த்தவும் இசைவு தந்தது. குடிலுக்கும் கடைக்கும் உள்ள வேற்றுமையை அது உணர்ந்திருந்தது.

நம் நாட்டிலும் 1981இல் பிரதமர் இந்திரா காந்தி, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கரையைக் காக்குமாறு கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பிறந்தது. அது பின்னர் 2011இலும் 2019இலும் திருத்தி அமைக்கப்பட்டது. கேரளத்தின் மரடு என்னும் ஊரில், கரையோர ஆணையத்தின் இசைவின்றி எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுப்புகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020ஆம் ஆண்டு சனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கு வீடு வாங்கியவர்களின் கண்ணீரையும் நாம் மறத்தல் ஆகாது. முதல் கல்லை வைக்கும்போதே ஓர் அதிகாரி ‘கூடாது’ என்று சொல்லியிருந்தால், கட்டியவர்க்கும் வாங்கியவர்க்கும் கரைக்கும் இழப்பு நேர்ந்திராது.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஊராட்சியில் கையொப்பமிடும் இடத்தில் அமர்வீர்கள். சிலர் கடை வைப்பீர்கள். அன்று உங்கள் முன் ஒரு வரைபடம் வரும்; ‘இரண்டு மேசைதானே’ என்று ஒருவர் கேட்பார். அப்போது கார்த்திகை மாதத்துக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் வாங்கிய கடனைத் திருப்பித் தர வரும்போது, அதை இறக்கிவைக்க இடம் வேண்டும். அந்த இடத்தை அடைக்காமல் விட்டுவைப்பதே நம் கடமை.