புத்தகமும் பந்தும்: டென்மார்க்கின் ஒரு மாணவர் கழகம்

பரீட்சைக் காலம் நெருங்கினால் நம் குடியிருப்புகளில் முதலில் மறைவது பந்துதான். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பையனின் பந்தைப் பரணில் ஏற்றிவிட்டு, "இனி விளையாட்டெல்லாம் போதும்" என்று சொல்லிவிடுகிறோம். காணி நிலத்தை நம்பாமல், மொழி வேறான ஊரில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நமக்குக் கல்வி ஒன்றே சொத்து. ஆகவே இந்த அச்சம் நியாயமற்றது என்று எவரும் கூறமாட்டார்கள். ஆயினும், புத்தகமும் பந்தும் ஒரே வீட்டில் வாழ இயலாதவைதாமா என்ற கேள்வி நம் மனத்தை நெடுநாளாக உறுத்தி வருகிறது. அதற்கு விடை தேடும்போது, டென்மார்க் என்னும் சிறு தேசத்தின் கால்பந்துக் கழகம் ஒன்றின் சரித்திரம் நினைவுக்கு வந்தது. அதை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், டென்மார்க்கில் இருப்புப்பாதை அமைக்க ஆங்கிலப் பொறியாளர்கள் சென்றார்கள். தண்டவாளத்தோடு தங்கள் மட்டையையும் பந்தையும் கொண்டு சென்றார்கள். முதலில் வேர்விட்டது கிரிக்கெட், பிறகு கால்பந்து. 1876இல் தலைநகரான கோபன்ஹேகனில் தொடங்கிய ஒரு கழகம், ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பழைய கால்பந்துக் கழகங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1889 பிப்ரவரி 26ஆம் நாள், அந்நகரில் மாணவர்களின் இரு சங்கங்கள் ஒன்றாய் இணைந்தன. அவற்றுள் ஒன்று கிரிக்கெட் சங்கம். மற்றது தொழில்நுட்பக் கல்லூரி மாணவரின் பந்தாட்டச் சங்கம். இணைந்து பிறந்த கழகத்துக்கு 'அகடெமிஸ்க் போல்ட்குளூப்' என்று பெயர். கல்வியாளர் பந்தாட்டக் கழகம் என்று நாம் பொருள் கொள்ளலாம். சுருக்கமாக ஏ.பி. என்பார்கள். அதே 1889ஆம் ஆண்டின் மே மாதத்தில்தான் அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனமும் தோன்றியது.

ஏ.பி. ஆதியில் மாணவர்களுக்கும் பட்டம் பெற்றவர்களுக்கும் உரிய கழகமாய் இருந்தது. ஆட வருபவன் படிப்பை விட்டுவிட்டு வந்தவன் அல்லன், படித்துக்கொண்டே வந்தவன். இந்த ஒரு செய்தியே நம் வீட்டு வழக்கத்துக்கு நேர் எதிரானது அல்லவா?

இக்கழகத்தின் புகழ்பெற்ற பிள்ளைகள் இருவர், கோபன்ஹேகன் பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் ஒருவரின் புதல்வர்கள். மூத்தவர் நீல்ஸ் போர். இளையவர் ஹரால்டு போர். நீல்ஸ் சில ஆட்டங்களில் இலக்குக் காவலராக நின்றார். ஒரு ஜெர்மானியக் குழுவுடன் நடந்த ஆட்டத்தில், பந்து நெடுந்தூரத்திலிருந்து உருண்டு வர, அவரோ கணக்கு ஒன்றில் ஆழ்ந்து நின்றார் என்றும், பார்வையாளர் போட்ட கூச்சலே அவரை விழிக்கச் செய்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அந்தக் காவலர்தாம் 1913இல் அணுவின் அமைப்பைப் பற்றிய புதிய கொள்கையை வெளியிட்டு, 1922இல் நோபல் பரிசு பெற்ற மேதை.

ஆட்டத்தில் தம்பியே தமையனை விஞ்சியவர். 1908இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில் ஹரால்டு தம் நாட்டுக்காக ஆடினார். பிரான்சின் இரண்டாம் குழுவை 9–0 என்றும், முதற்குழுவை 17–1 என்றும் டென்மார்க் வென்றது. இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0–2 எனத் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1910இல், ஹரால்டு கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்குரிய ஆய்வுரையைச் சபை முன் நிலைநாட்டினார். மண்டபத்தில் கணித வல்லுநரைக் காட்டிலும் கால்பந்து ரசிகர்களே மிகுதியாக இருந்தார்களாம்! பின்னாளில் அவர் உலகம் மதிக்கும் கணிதப் பேராசிரியரானார்.

இங்கே நமக்கு உரிய செய்தி ஒன்றும் உண்டு. ஹரால்டின் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நம் ராமானுஜனை உலகம் அறியச் செய்த அதே ஹார்டிதான். அவரும் கிரிக்கெட்டின்மீது தீராத பற்றுடையவர். ராமானுஜனும் ஹரால்டும் பிறந்தது ஒரே ஆண்டில், 1887இல்.

ஏ.பி. 1919இல் முதன்முறையாக நாட்டின் வாகையைச் சூடியது. 1967 வரை ஒன்பது முறை அப்பெருமையைப் பெற்றது. 1951, 1952 ஆகிய இரண்டும் அடுத்தடுத்து வந்த வெற்றிகள். அக்காலத்து ஆட்டக்காரர் நுட் லுண்ட்பெர்க் தனியே குறிப்பிடத் தக்கவர். மருத்துவம் பயின்றவர், கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து ஆகிய மூன்றிலும் நாட்டின் சார்பில் ஆடியவர். 1948இல் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் பெற்ற குழுவில் இருந்தார். எழுத்தாளரும் ஆவார். வருங்கால ஒலிம்பிக் ஓட்டப் பந்தயம் ஒன்றைக் கற்பனை செய்து, வெற்றிக்காக மனித உடலையே மாற்றியமைக்கும் ஆபத்தை 1955இலேயே ஒரு நாவலில் எழுதி எச்சரித்தார்.

அதே 1948ஆம் ஆண்டுக் குழுவில் ஆடிய மற்றோர் ஏ.பி. வீரர் கார்ல் ஆகே ஹான்சன். அவர் வெளிநாடு சென்று, இத்தாலியின் யுவென்டஸ் கழகத்தில் சம்பளம் பெற்று ஆடினார். பணம் பெற்று ஆடுபவர்க்கு 1971 வரை டென்மார்க்கின் தேசியக் குழுவில் இடமில்லை. பிழைப்பைத் தேடிப் பிற தேசம் போனவன் சொந்த நாட்டின் சட்டையை அணிய முடியாது என்ற விதியின் கடுமையை, ஊர்விட்டு ஊர் வந்த நம்மைவிட யார் நன்கு உணர்வார்கள்? இருவரில் எவரையும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஒருவர் ஆட்டத்தைத் தொழிலாக்கிக்கொண்டார். மற்றவர் தொழிலுக்குத் துணையாக வைத்துக்கொண்டார்.

1978இல் உள்நாட்டிலும் சம்பள ஆட்டம் அனுமதிக்கப்பட்டது. கழகங்களின் வலிமையைப் பணப்பை நிர்ணயிக்கும் காலம் பிறந்தது. 1960களில் நகரை அடுத்த கிளாட்சாக்ஸே பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்த ஏ.பி.யும் இந்த அலையில் ஏறி இறங்கியது. 1999இல் டென்மார்க்கின் கோப்பையை வென்றது; 2004இல் மேற்பிரிவிலிருந்து இறங்கிவிட்டது. இதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். மாணவர் கழகம் என்ற பெருமை பந்தயங்களில் என்றும் வெற்றியைத் தந்துவிடவில்லை.

ஆனால் வாகைகளின் எண்ணிக்கையைக் கொண்டா ஒரு கழகத்தை அளப்பது? போர் சகோதரர்கள் பந்தை உதைத்ததனால் மேதைகள் ஆனார்கள் என்று நாம் சொல்லவில்லை. உதைத்தும் மேதைகள் ஆனார்கள் என்பதே நாம் சொல்ல வந்தது. பந்து அவர்களுடைய புத்தகத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. தோற்றபின் மறுநாளும் மைதானத்துக்கு வருதல், தோழனுக்குப் பந்தை விட்டுக்கொடுத்தல், நடுவரின் தீர்ப்புக்குப் பணிதல் ஆகியவை எந்தப் பாடப் புத்தகத்திலும் மனப்பாடம் செய்யக் கிடைப்பவை அல்ல.

நம் பிள்ளைகளுக்கு வேறொரு பயனும் இருக்கிறது. அயல்மொழி பேசும் பையன்களோடு அவர்கள் முதலில் நண்பர்களாவது மைதானத்தில்தான். அங்கே இலக்கணப் பிழையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு நம் விண்ணப்பம் சிறியதே. படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். விளக்கு வைத்ததும் பையன் புத்தகத்தின் முன் அமரட்டும். பரணில் காற்றிறங்கிக் கிடக்கும் பந்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்குங்கள்.