காட்சிக்கூடமும் தமிழ் மாணவரும்

அரும்பொருள்கள் எத்துணைப் பலவாயினும், அவற்றைக் கோக்கும் கருப்பொருள் ஒன்று இருந்தாலன்றிக் காட்சிக்கூடம் சிறவாது. திருச்சிராப்பள்ளியில் 1983இல் தோன்றி, இராணி மங்கம்மாள் கொலு மண்டபத்தில் இயங்கும் அரசு அருங்காட்சியகத்தையும், நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்கள் விளங்கும் திருவரங்கக் கோயில் அருங்காட்சியகத்தையும் கண்ட மாணவர்கள், ‘காவிரிக் கரையில் சமய நல்லிணக்கம்’ என்னும் கருப்பொருளில் கூடம் ஒன்றைத் திட்டமிடுவதாகக் கொள்வோம்.

முதற்குழு பொருள்களைத் தேரும். துலுக்க நாச்சியார் சந்நிதியில் உள்ளது ஓவியம். நத்தர்வலி தர்கா, மக்கள் ஜியாரத் செய்யும் அடக்கத்தலம். இவ்வாறு போற்றிப் பேணப்படுவனவற்றை இடம்பெயர்த்தல் தகாது. உரியோர் இசைவுடன் நிழற்படம் வைத்தலே முறை. இரண்டாம் குழு காட்சிகளை வரிசைப்படுத்தும். மூன்றாம் குழு விளக்கக் குறிப்பு எழுதும்.

மூன்றாவதே தமிழ் மாணவர்க்குரிய பெரும்பணி. தில்லிச் சுல்தானின் மகள் அரங்கன்மீது அன்பு பூண்டாள் என்பது கோயில் மரபு. ‘நிகழ்ந்தது’ என எழுதின் வரலாறு பிழைபடும். ‘பொய்’ என எழுதின் அன்பர் உள்ளம் புண்படும். ‘என்பர்’ என்னும் ஒரு சொல் இரண்டையும் காக்கும். ஆயின், அரங்கனுக்கு ரொட்டி நிவேதிக்கும் வழக்கம் இன்றும் கண்கூடு. அதனைப் ‘படைக்கின்றனர்’ என்றே துணிந்து எழுதலாம்.