பழம்புடவையும் பச்சிளங்குழந்தையும்

கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாடவீதிகளில் தேர்கள் உருண்டு வரும்போது, கூட்டத்தினூடே மற்றொரு காட்சியும் கண்ணில் படும். கரும்புகளை ஒன்றுசேர்த்து, அவற்றில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, அதனுள் கைக்குழந்தையைக் கிடத்திப் பெற்றோர் தோளில் சுமந்து வலம் வருவர். மகப்பேறு வேண்டி அண்ணாமலையாரிடம் நேர்ந்துகொண்டோர் செலுத்தும் நேர்த்திக்கடன் இது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு இறைவனே பிள்ளையானான் என்னும் தலக்கதையை இதனோடு சேர்த்துச் சொல்வதுண்டு. சீமந்தத்தன்று தாய் உடுத்திய புடவையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அதனையே கரும்புத் தொட்டிலுக்குக் கட்டும் குடும்பங்களும் உள்ளன. காத்திருந்த நாள்களின் துணிதான் பின்னர்க் குழந்தையைத் தாங்குகிறது.

அத்தகைய துணியைப் பற்றியே இக்கட்டுரை. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த பெண்ணுக்கு நாள்கள் நீண்டு தெரியும். கனமான வேலை செய்யவிடமாட்டார்கள். உறக்கமும் சரியாக வராது. "ஊசி நூல் எடுக்கலாமா?" என்று நம் மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் கேட்போர் பலர். எடுக்கலாம் என்பதே விடை. ஆனால் எதைத் தைப்பது, எவ்வாறு அமர்ந்து தைப்பது, எப்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுவது என்பவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில், பிறக்கும் முன்பே துணி தைத்து வைக்கலாகாது என்னும் நம்பிக்கையைப் பற்றி. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அவ்வாறு செய்யவில்லை. இந்தியாவில் 1971ஆம் ஆண்டு உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அத்தகைய காலத்தில் வாழ்ந்த பாட்டிமார்கள், ஆசையோடு தைத்த சட்டையை வெறுங்கையோடு பார்க்க நேரும் துயரத்தை அஞ்சினார்கள். 2020ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை நாட்டளவில் 28 ஆகவும் தமிழகத்தில் 13 ஆகவும் குறைந்துவிட்டது. அச்சம் குறைவதற்குக் காரணம் இருக்கிறது. எனினும் வீட்டுப் பெரியவர்கள் மனம் ஒப்பாவிட்டால் அதற்காகச் சண்டையிட வேண்டியதில்லை. புதுத்துணிதான் கூடாது, பழந்துணியைக் கிழித்துத் துவைத்து வைத்தால் குற்றமில்லை என்று பெரும்பாலான பாட்டிமார்கள் இணங்கிவிடுவார்கள். மருத்துவம் விரும்புவதும் அந்தப் பழந்துணியைத்தான்.

பலமுறை துவைத்த பருத்திப் புடவையின் நூல் மென்மையாகியிருக்கும், கஞ்சி போயிருக்கும், வியர்வையையும் ஈரத்தையும் நன்கு உறிஞ்சும். புதுத்துணியில் உள்ள சாயமும் மெருகும் பச்சிளம் தோலை உறுத்தக்கூடும். நம் மாவட்டத்து ஆரணிப் பட்டு எவ்வளவு அழகாயினும் அதன் சரிகை குழந்தையின் கன்னத்தைக் கீறும். அது தாய்க்கே இருக்கட்டும். மலையுச்சித் தீபத்திற்குத் திரியாகும் காடாத் துணி உறுதியானது, ஆனால் முரடு. நைலான், பாலியஸ்டர் வகைகள் வெப்பத்தை வெளியே விடா.

பழம்புடவையில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பீரோவில் பாச்சை உருண்டையோடு பல ஆண்டுகள் கிடந்த துணியில் நாப்தலின் என்னும் வேதிப்பொருள் ஏறியிருக்கும். சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த நாப்தலின், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சென்று சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடுமையான மஞ்சள் காமாலை உண்டாகும். எந்தக் குழந்தைக்கு அக்குறை உள்ளது என்பது பார்வைக்குத் தெரியாது. ஆகவே பாச்சை உருண்டை மணம் வீசும் துணியைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். வேறு துணி இல்லையெனில், பல நாள் வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, மீண்டும் மீண்டும் துவைத்து, மணம் முற்றிலும் நீங்கிய பின்னரே பயன்படுத்துங்கள். தைத்து முடித்த துணிகளை அடுக்கும் பெட்டியிலும் பாச்சை உருண்டை போடாதீர்கள்.

இனி, கிழிந்த புடவைகளை அடுக்கித் தைக்கும் மெத்தைவிரிப்பைப் பார்ப்போம். இது நாடு முழுவதும் உள்ள கைவேலை. வங்காளத்தில் இதனைக் காந்தா என்பர். பழம்புடவையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே தையலுக்கும் பயன்படுத்தினர். பீகாரில் பச்சிளங்குழந்தைக்கெனத் தைக்கும் விரிப்பு சுஜனி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் விரிப்பை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் பூப்போல மடித்த துணி வைப்பார்கள். பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அரசு ஒரு மகப்பேற்றுப் பெட்டி வழங்கி வருகிறது. தொடக்க ஆண்டுகளில் அதனுள் தைத்த உடையோடு, தாயே தைத்துக்கொள்வதற்கான துணியும் இருந்தது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2015இல் அறிவிக்கப்பட்ட பரிசுப் பெட்டகத்திலும் துவாலையும் உடையும் இடம்பெற்றன.

நம் வீட்டில் தைக்க ஒரு புடவை போதும். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள புடவையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் கால்பக்கக் கரையும் நைந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள். நல்ல பகுதியில் 80 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டுகள் எடுத்தால் 3.2 மீட்டர் செலவாகும். அவற்றைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி அடுக்குங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு சாண் இடைவெளியில் பெரிய தையலாகத் தற்காலிக நூலோட்டம் போட்டுக்கொண்டால் அடுக்குகள் நழுவா. பிறகு இரண்டு அங்குலத்திற்கு ஒரு வரிசையாகச் சிறு ஓட்டுத் தையல். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வரிசைகள் போதும். எட்டாம் மாதத்தில் தொடங்கினால் பதறாமல் முடியும். ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தபின் தற்காலிக நூலை உருவிவிடுங்கள். உள்ளே பஞ்சு வேண்டாம். துவைத்தால் திரளும், எளிதில் உலராது. எஞ்சிய துணியில் ஈரம் துடைக்கும் சதுரத் துண்டுகளும் இடுப்புத் துணிகளும் கிழித்துக்கொள்ளலாம். முந்தானை மட்டும் மிஞ்சினால், அதனைப் பாட்டி என்ன செய்வதென்று அவரே சொல்வார்.

விரிப்பு அழகாக அமைந்துவிட்டால் அதனை உறங்கும் குழந்தையின்மேல் போர்த்தத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். முதல் ஓராண்டில் குழந்தை உறங்குமிடத்தில் தளர்ந்த போர்வையோ, தலையணையோ, கடுகுத் தலையணையோ, பஞ்சுப் பொம்மையோ இருத்தல் ஆகாது. போர்வை முகத்தை மூடினால் அதனை விலக்கும் வலிமை அக்கைகளுக்கு இல்லை. குழந்தையை எப்போதும் மல்லாத்தியே உறங்க வையுங்கள். படுக்கை சமதளமாகவும் அழுத்தமாகவும் இருக்கட்டும். நீங்கள் தைத்த விரிப்பு, மடியில் கிடத்தவும், தூக்கிச் செல்கையில் சுற்றவும், விழித்திருக்கும் குழந்தையை வந்தவாசிக் கோரைப்பாயின்மேல் விளையாட விடவும் உதவும். சுற்றும்போது கால்களை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள். இடுப்பெலும்பு மூட்டு விலகக்கூடும். தவளைக் கால்போல மடங்கியிருக்க இடம் வேண்டும்.

தூளியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவோம். தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை சுருங்கும். ஆகவே பார்வையிலிருந்து விலகித் தூளியில் நெடுநேரம் உறங்கவிடுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குத் தூளியே வேண்டாம். வீட்டில் மூன்று நான்கு வயதுப் பிள்ளை இருந்தால், வெறுந்தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். முறுக்கி விளையாடும் துணி கழுத்தை இறுக்கிய விபத்துகள் நம் நாட்டில் நடந்துள்ளன.

சட்டை தைப்போர் ஜப்லா வகையைத் தைக்கலாம்: முன்புறம் திறந்து, குட்டையான நாடாவால் கட்டுவது. பொத்தானும் ஊக்கும் வேண்டாம். தையல் மடிப்புகள் வெளிப்புறம் இருந்தால் தோலை உறுத்தா. கையுறை தைப்பதை நாம் ஊக்குவிப்பதில்லை. உள்ளே தொங்கும் ஒரு நூலிழை விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடக்கூடும். காரணமின்றிக் குழந்தை அழுதால் கைவிரல்களையும் கால்விரல்களையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

தைக்கும் தாயின் உடல் இதைவிட முக்கியம். முதுகுக்குச் சாய்வுள்ள நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைச் சிறு பலகையின்மேல் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, தண்ணீர் அருந்துங்கள். கட்டைவிரலும் அதனை அடுத்த இரு விரல்களும் மரத்துப்போவது கடைசி மாதங்களில் பலருக்கு நேர்வது. மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. அன்று ஊசிக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் அடுத்த பரிசோதனை வரை பொறுக்கக்கூடாத அறிகுறிகள் உண்டு. நேற்று வரை எளிதாக நூல் கோத்த ஊசிக்கண் இன்று மங்கலாகத் தெரிகிறதா? நேற்று பொருந்திய அங்குஸ்தான் இன்று விரலில் ஏறவில்லையா? முகமும் வீங்கித் தலை வலிக்கிறதா? மேல்வயிறு நோகிறதா? இவை மிகை இரத்த அழுத்தத்தால் வரும் பேறுகால நச்சுத்தன்மையின் அடையாளங்களாக இருக்கலாம். வலிப்பு வரை கொண்டுசெல்லும் நோய் அது. அழுத்தம் 140/90 அல்லது அதற்குமேல் இருந்தால் சிகிச்சை தேவை. கண்ணாடி மாற்ற வேண்டும் போலும் என்று எண்ணிக் காலம் தாழ்த்தாதீர்கள், உடனே வாருங்கள்.

வேலையில் ஆழ்ந்தால் குழந்தையின் அசைவு தெரியாமல் போகும். அதற்கெனத் தனியே நேரம் ஒதுக்குங்கள்: உணவுக்குப்பின் ஊசியை வைத்துவிட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுகளேனும் இல்லையெனில், அல்லது வழக்கத்தைவிட அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரத்தப்போக்கு, பனிக்குடநீர் கசிவு ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ஊர்தி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

கிரகணத்தன்று கத்தரியும் ஊசியும் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளவுபடும் என்பர். மேலுதடு கருவில் உருவாகி இணைவது நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையே. எட்டாம் மாதத்துக் கத்தரியால் அதற்கு ஒன்றும் நேராது. வீட்டில் வருந்துவார்கள் என்றால் அன்று தைக்காமல் ஓய்வெடுங்கள். ஆனால் கிரகணம் முடியும் வரை உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருப்பதை மட்டும் நாம் ஏற்க இயலாது. நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் தாய்மார்களுக்கு அது ஆபத்து.

மலைக்கிராமங்களிலிருந்து வரும் தாய்மார்களுக்காக அரசு சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளை அமைத்துள்ளது. நாள் நெருங்கும்போது அங்கே வந்து தங்குவோர், பாதி தைத்த விரிப்பையும் எடுத்து வரலாம். ஊசிகளை எண்ணி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். படுக்கையில் செருகி வைத்த ஊசி அடுத்து அங்கே படுப்பவரைக் குத்தும்.

சில குழந்தைகள் விரிப்பு முடியும் முன்னரே வந்துவிடும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில் தொடங்கியது. பிறந்தவுடனேயே தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதனைச் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தந்தையும் பாட்டியும்கூட மாற்றி மாற்றி அணைத்துக்கொள்ளலாம். கட்டுவதற்குத் தேவை, துவைத்த நீண்ட பருத்தித் துணி. தைக்காமல் விட்ட புடவை அதற்குப் போதும். கட்டும் முறையைச் செவிலியர் காட்டுவார்.

மிகச் சில குடும்பங்களில் குழந்தை வீடு வந்து சேர்வதில்லை. அப்போது, தைத்த துணிகளைத் தாய் காணாதபடி அன்றே அப்புறப்படுத்திவிடும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள்: பொறுங்கள். அவற்றை வைத்துக்கொள்வதா, பிறருக்குக் கொடுப்பதா, குழந்தையோடு அனுப்புவதா என்பதை அவள் சொல்லட்டும். முன்கூட்டியே தைத்ததால்தான் இவ்வாறாயிற்று என்று எவரும் அவளிடம் சொல்ல வேண்டாம். அது உண்மையன்று.

பிரசவத்திற்கு வரும்போது பையில் துவைத்து உலர்த்திய பருத்தித் துணிகள் குறைந்தது நான்கேனும் இருக்கட்டும். பிறந்தவுடன் ஒன்றால் துடைத்து, நனைந்த அதனை அகற்றிவிட்டு, தாயின் மார்பின்மேல் கிடத்தி மற்றொன்றால் போர்த்துவோம். தலைக்கு ஒரு குல்லாய் தேவை. முதற்குளியலை 24 மணி நேரம் கழித்தே செய்வதால் சோப்பும் எண்ணெயும் அன்று வேண்டா. துணிகளைத் துவைத்த துவாலை ஒன்றில் தனியே சுற்றி, பையின் மேற்புறத்தில் வையுங்கள். நள்ளிரவில் பதறித் தேடுவது பெரும்பாலும் தந்தையாகத்தான் இருக்கும்.