மலை ஏறும்போது வராத கால்வலி, இறங்கிய மறுநாள் வருவது ஏன்?

இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2,243 மீட்டர் உச்சிக்கு ஏறுகையில் மூச்சுத்தான் வாங்கும். கால் பிடித்துக்கொள்வதோ வீட்டுக்கு வந்த பிறகு. மறுநாள் லயத்து வாசற்படி இறங்கவும் சுவரைப் பிடிக்க வேண்டும்!

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, இழுபட்டு நீண்டுகொண்டே உடம்பு விழாமல் தாங்குகிறது. பாரமான மூட்டையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குகிறீர்கள். கயிறு நழுவ நழுவ உள்ளங்கை உரசிப் புண்ணாகிறதல்லவா? தசை இழைகளிலும் அப்படித்தான் நுண்ணிய காயங்கள்.

வலி ஏன் உடனே தெரிவதில்லை? காயத்தைச் சரிசெய்ய உடம்பு அனுப்பும் அணுக்களும் நீரும் சேர்ந்து வீக்கமாக நேரமெடுக்கும். ஓரிரு நாளில் வலி உச்சத்துக்குப் போகும். பழி சுமக்கும் லாக்டிக் அமிலமோ ஒரு மணி நேரத்துக்குள் கலைந்துவிடும், பாவம்.

கொழுந்துக் கூடையோடு தினமும் சரிவில் இறங்கும் அக்காமாருக்கு இந்த வலி அவ்வளவாக இல்லை. இறக்கத்துக்குப் பழகிய தசை அடுத்த முறை குறைவாகவே காயப்படும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும்.

டிசம்பர் போயாவில் தொடங்கி மே வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். குழுவாகப் போகிறீர்களா? கிளம்ப ஒரு வாரம் முன்பே, பையை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் படிகளில் இறங்கிப் பழகுங்கள். யோகாவில் நாற்காலி ஆசனத்துக்கு மெதுவாகத் தாழ்வதும் அதே வேலைதான். வெறுமனே காலை நீட்டி மடக்குவது இந்த வலியைப் பெரிதாகத் தடுக்காது.