கொல்லைக்குள் எத்தனை வெயில்!

திண்டிவனத்துக்குப் பெயர் தந்தது புளியமரம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணிவனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊர்ச் சிவன் கோயிலில் இறைவன் பெயரே திந்திரிணீஸ்வரர். புளி எந்த மூலையிலும் நின்று பிழைத்துக்கொள்ளும். மற்றப் பழமரங்கள் அப்படியல்ல. கன்று வாங்கும்போது ரகத்தை விசாரிக்கிறோம், விலையை விசாரிக்கிறோம். நடும் இடத்தை மட்டும் வீட்டுக்கு வந்து, காலியாகக் கிடப்பதைப் பார்த்து முடிவு செய்கிறோம். பல மரங்கள் காய்க்காமல் ஏமாற்றுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

தெற்குச் சுவரோரம் சூடு, வடக்குச் சுவரோரம் குளிர்ச்சி என்று மேல்நாட்டுத் தோட்ட நூல்கள் சொல்லும். அது அவர்கள் ஊருக்குச் சரி. திண்டிவனம் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை இங்கே உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். 10 அடி உயரச் சுவரின் நிழல், டிசம்பர் நண்பகலில் வடக்கே 7 அடிக்கு நீளும். ஜூனில் அதே சுவரின் நிழல் தெற்கே 2 அடியோடு முடிந்துவிடும். வடக்குச் சுவரடியில் வைத்த எலுமிச்சைக் கன்றின் கதி என்ன ஆகும்? இதமான மார்கழி வெயில் அதற்குக் கிடைக்காது. அக்னி நட்சத்திர வெயில் முழுசாகக் கிடைக்கும். தலைகீழ்! அங்கேதான் வைத்தாக வேண்டுமென்றால் சித்திரையிலேயே கீற்றுத் தடுப்பு கட்டிவிட வேண்டும்.

மேற்கே இருப்பது வேறு சங்கடம். மே, ஜூனில் மேல்காற்று அனலாக வீசும். மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று வந்தால்தான் மூச்சுவிடலாம். மாலை வெயிலைக் குடித்த மேற்குச் சுவர் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். வறட்சி தாங்கும் சீத்தாவுக்கு அந்த இடம் பொருந்தும். வாழை இலை கிழிந்து நாராகும். அதைக் கிழக்கே, துவைக்கிற கல் பக்கம் வையுங்கள். காற்றைத் தடுக்கக் கெட்டிச் சுவர் எழுப்புவதிலும் பயன் குறைவு. சுவரைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கும். கிளுவை, பூவரசு போன்ற உயிர்வேலி காற்றை வடிகட்டி அனுப்பும். அதன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரை வேகம் தணிந்திருக்கும்.

பள்ளத்தையும் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பப்பாளி வேர் இரண்டு நாள் தேங்கிய நீரில் நின்றாலே அழுகிவிடும். அதற்கு மேட்டுப்பாத்தி கட்டாயம்.

இருக்கிற வெயிலையும் காற்றையும் மாற்றவே முடியாதா? முடியும். இதே விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் கண்கூடாகப் பார்க்கலாம். 1968இல் அந்த நகரம் தொடங்கியபோது அது மழைநீர் அறுத்துப்போட்ட செம்மண் மேடு. வந்தவர்கள் வரப்பு கட்டி மழையை நிறுத்தினார்கள். கத்திச்சவுக்கு போன்ற முரட்டு மரங்களை முதலில் வளர்த்தார்கள். மென்மையான மரங்கள் அந்த நிழலுக்குப் பின்னால் வந்தன. நிழல் மட்டும் வேலை செய்யவில்லை. இலை வழியே ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கும் வெப்பத்தில், 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு இது பழைய சங்கதி. அகத்தியை வளர்த்த பிறகுதான் கொடியை ஏற்றுவார்கள். உங்கள் பலாக் கன்றுக்கும் மேற்கே நாலு அகத்தி விதையை ஊன்றுங்கள். சில மாதங்களில் தலைக்கு மேல் வளர்ந்து, மேல்காற்றை வாங்கிக்கொள்ளும். பலா தன் காலில் நின்றதும் அகத்தியை வெட்டிவிடலாம். அதுவரை வீட்டுக்குக் கீரையும் ஆயிற்று.